ஐப்பாட் ஒத்திசைவு

ஐப்பாட் ஒத்திசைவு என்பது, கணினியில் ஐடியூன்ஸ் மென்பொருள் வைத்திருக்கும் இசைநூலகத்தையும், ஐப்பாட் என்னும் கையடக்க இசைக்கருவியில் இருப்பவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்குமாறு செய்யும் செயலாகும். பாடல்கள், பாடற்பட்டியல்கள், பாடல் பற்றிய விவரங்கள், இசைத்தொகுப்பின் அட்டைப்படம் ஆகியன இதன்வழி கருவிக்குச் செல்கின்றன. ஒரு பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது, அதற்குப் பயனர் எத்தனை நட்சத்திரம் இட்டார் போன்ற செய்திகள் கருவியிலிருந்து கணினிக்குத் திரும்புகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் இம்முறையை அறிமுகப்படுத்தியது.

பார்வைக்கு இது கோப்புகளை நகலெடுப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறு அன்று. கருவியினுள் பாடல் ஓரிடத்திலும், அதன் பெயரும் விவரமும் வேறோரிடத்திலும், அட்டைப்படம் மூன்றாவது இடத்திலும் வைக்கப்படுகின்றன. பாடல் ஒலித்தும் படம் தோன்றாதிருத்தல், கருவி நிறையப் பாடல் இருந்தும் அவற்றைக் கணினிக்குத் திருப்ப வழி தெரியாதிருத்தல் என்று பயனர்கள் சந்தித்த இடர்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையிலிருந்து எழுந்தவை.

பின்னணி

எம்பி3 வடிவிலான பாடல்களை ஒலிக்கும் கையடக்கக் கருவிகள் 1998 இல் விற்பனைக்கு வந்தன. தென்கொரியாவின் சேகான் நிறுவனத்தின் எம்பிமேன், அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனத்தின் ரியோ பிஎம்பி300 ஆகியன அவற்றுள் முதன்மையானவை. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட்டு. நொடிக்கு 128 கிலோபிட்டு அளவில் சுருக்கப்பட்ட பாடல்கள் ஏறத்தாழ அரைமணி நேரத்திற்கு மட்டுமே அதில் அடங்கின. அச்சுப்பொறியை இணைக்கும் இணைத்துறை வழியாகவே கணினியிலிருந்து பாடல்கள் அனுப்பப்பட்டன. ஏழெட்டுப் பாடல்களைத் தேர்ந்து அனுப்பி, சலித்தபின் அழித்து, வேறு பாடல்களை அனுப்புவதே வழக்கமாக இருந்தது. இவ்வளவு சிறிய நினைவகத்திற்கு ஒத்திசைவு என்ற கருத்தே தேவைப்படவில்லை.

ரியோவை எதிர்த்து அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1998 இல் வழக்குத் தொடுத்தது. தன்னிடம் ஏற்கெனவே உள்ள இசையைத் தன் கணினியிலிருந்து தன் கருவிக்கு மாற்றிக்கொள்வது தனிப்பட்ட பயன்பாடு என்ற நோக்கில் 1999 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணினிக்கும் கருவிக்கும் இடையே இசையை நகர்த்தும் எல்லாப் பிற்கால முறைகளும் இத்தீர்ப்பு திறந்துவிட்ட வழியில் வந்தவையே.

ஒத்திசைவின் தோற்றம்

சவுண்ட்ஜாம் எம்பி என்னும் மென்பொருளை விலைக்கு வாங்கி, அதனை மாற்றியமைத்து 2001 ஜனவரியில் ஐடியூன்ஸ் என்ற பெயரில் ஆப்பிள் வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று முதல் ஐப்பாட் அறிமுகமானது. அதில் 5 கிகாபைட்டு வன்தட்டு இருந்தது. ஆயிரம் பாடல்கள் அடங்கும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. ஆயிரம் பாடல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அனுப்புவது எவராலும் ஆகாத காரியம். எனவே கருவியைக் கணினியுடன் இணைத்த உடனே, பயனர் எதையும் அழுத்தாமலேயே, நூலகம் முழுவதும் கருவிக்குச் செல்லுமாறு ஐடியூன்சின் இரண்டாம் பதிப்பு அமைக்கப்பட்டது. நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவை கருவியில் சேர்ந்தன. நூலகத்திலிருந்து நீக்கப்பட்டவை கருவியிலிருந்தும் நீங்கின.

இம்முறை நடைமுறைக்கு ஏற்றதாக அமையக் காரணம் இணைப்பின் வேகமாகும். அந்நாளில் பரவலாக இருந்த யுஎஸ்பி 1.1 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட்டு. ஐப்பாட் பயன்படுத்திய ஃபயர்வயர் இணைப்போ நொடிக்கு 400 மெகாபிட்டு வரை செல்லவல்லது. ஆயிரம் பாடல்களைப் பத்து நிமிடத்திற்குள் மாற்றலாம் என்று ஆப்பிள் கூறியது. யுஎஸ்பி 2.0 பரவிய பின்னர் ஃபயர்வயரின் தேவை குறைந்தது. 2005 இல் வந்த ஐப்பாட்கள் அதன்வழி ஒத்திசைவதைக் கைவிட்டன.

முதலில் மாக் கணினியோடு மட்டுமே ஐப்பாட் இயங்கியது. 2002 இல் விண்டோசுக்கான ஐப்பாட் மியூசிக்மேட்ச் என்ற வேற்று மென்பொருளோடு விற்கப்பட்டது. 2003 அக்டோபரில் விண்டோசுக்கான ஐடியூன்ஸ் வந்த பிறகே இரு தரப்பினருக்கும் ஒத்திசைவு ஒன்றுபோல ஆனது.

திரையே இல்லாத ஐப்பாட் ஷஃபிள் 2005 இல் வந்தபோது நிலைமை ஓரளவு தலைகீழானது. அதில் நூலகம் முழுவதும் அடங்காது என்பதால், நூலகத்திலிருந்து தானாகவே சில பாடல்களைப் பொறுக்கி நிரப்பும் வசதியை ஐடியூன்ஸ் அளித்தது. அட்டைப்படம் பற்றிய கவலை அதற்குச் சற்றும் இல்லை எனலாம்.

கருவியின் உள்ளமைப்பு

ஐப்பாடைக் கணினியில் வன்தட்டு போலத் திறந்து பார்த்தால் பாடல் எதுவும் கண்ணில் படாது. ஐப்பாட் கன்ட்ரோல் என்ற மறைகோப்புறையினுள் பாடல்கள் வைக்கப்பட்டிருக்கும். அதனுள்ளும் எஃப்00, எஃப்01 எனத் தொடரும் பல சிறு கோப்புறைகளில் அவை சிதறியிருக்கும். கோப்புகளின் பெயர்களும் பாடலின் பெயர்களாக இரா; பொருளற்ற நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டிருக்கும். ஒரே இசைத்தொகுப்பின் பத்துப் பாடல்கள் பத்துக் கோப்புறைகளில் கிடக்கலாம்.

இச்சிதறலுக்கு ஒழுங்கு தருவது ஐடியூன்ஸ்டிபி என்னும் தரவுத்தளக் கோப்பு ஆகும். பாடலின் பெயர், பாடியவர், இசைத்தொகுப்பு, வகை, நீளம், நட்சத்திர மதிப்பு, கேட்கப்பட்ட எண்ணிக்கை, கோப்பு இருக்கும் வழி ஆகிய அனைத்தும் அதில் பதியப்பட்டிருக்கும். கோப்பின் வழியைக் குறிக்க விண்டோசின் சாய்கோட்டிற்கு மாறாக முக்காற்புள்ளி பயன்படுகிறது. இது பழைய மாக் இயங்குதளத்தின் வழக்கம். நட்சத்திரம் ஒன்றுக்கு 20 என்ற கணக்கில் மதிப்பு எழுதப்படுவதால், ஐந்து நட்சத்திரம் 100 ஆகப் பதிவாகிறது.

ஐப்பாட் தன் பட்டியலைக் காட்டுவதற்கு இத்தரவுத்தளத்தை மட்டுமே படிக்கிறது. வன்தட்டில் ஒரு பாடலைக் கையால் நகலெடுத்து வைத்தால் அது இடத்தை அடைத்துக்கொள்ளுமேயன்றி ஒலிக்காது. ஏனெனில் தரவுத்தளத்தில் இல்லாத பாடல் ஐப்பாடைப் பொறுத்தவரை இல்லாத பாடலே. மறுதலையாக, கோப்பு அழிந்து பதிவு மட்டும் எஞ்சினால், பட்டியலில் பெயர் தோன்றும். தேர்ந்தவுடன் அடுத்த பாடலுக்குத் தாவிவிடும். ஒத்திசைவு நடக்கும்போது கருவியைப் பிடுங்கக்கூடாது என்று திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டதற்கும் இதுவே காரணம். தரவுத்தளம் பாதி எழுதப்பட்ட நிலையில் இணைப்பு அறுந்தால், பாடல்கள் அனைத்தும் வன்தட்டில் பத்திரமாக இருக்க, கருவி தன்னிடம் பாடலே இல்லை என்று காட்டக்கூடும்.

இவ்வாறு தரவுத்தளத்தை முன்கூட்டியே கணினியில் உருவாக்கி அனுப்பியதற்கு நல்ல காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் படிப்பது வன்தட்டைச் சுழலச்செய்து மின்கலத்தைத் தீர்த்துவிடும். அவ்வேலையைக் கணினியே செய்து முடித்துவிடுவதால், கருவி விரைவாகவும் நீண்ட நேரமும் இயங்கியது.

கணினிக்குத் திரும்பும் செய்திகளுக்கு வேறொரு சிறு கோப்பு உண்டு. பயணத்தில் கேட்கப்பட்ட பாடல்களின் எண்ணிக்கையையும் இட்ட நட்சத்திரங்களையும் ஐப்பாட் அதில் குறித்து வைக்கும். அடுத்த இணைப்பின்போது ஐடியூன்ஸ் முதலில் அதைப் படித்துத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொண்டு, பிறகே புதிய தரவுத்தளத்தை எழுதும். மற்றபடி ஒத்திசைவு பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே இருந்தது.

அட்டைப்படம்

இசைத்தட்டு உறைகளில் படம் வரையும் வழக்கத்தை 1930களின் இறுதியில் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் தொடங்கிவைத்தார். நீள்தட்டின் உறை ஏறக்குறைய 31 செ.மீ. அகலம் கொண்டது. குறுந்தகட்டில் அது 12 செ.மீ. ஆகச் சுருங்கியது. எம்பி3 கோப்பு பரவியபோது படம் முற்றாகவே மறைந்துபோயிற்று. பாடல் ஒரு கோப்புப் பெயராக மட்டும் நின்றது.

அப்படத்தைக் கோப்பினுள் மீண்டும் கொண்டுவந்தது ஐடி3 என்னும் குறிச்சொல் முறையின் இரண்டாம் பதிப்பாகும். 1996 இல் எரிக் கெம்ப் என்பவர் உருவாக்கிய முதற்பதிப்பு, எம்பி3 கோப்பின் கடைசியில் ஒட்டப்பட்ட 128 பைட்டுகள் மட்டுமே. பாடற்பெயருக்கு 30, பாடியவருக்கு 30, இசைத்தொகுப்புக்கு 30 என அதில் இடம் பங்கிடப்பட்டிருந்தது, படத்திற்கு இடமில்லை. 1998 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் தொடக்கத்தில் அமைவது; வேண்டிய அளவு நீளக்கூடியது. அதில் படத்திற்கெனத் தனிச்சட்டகம் உண்டு. படம் முன்னட்டையா, பின்னட்டையா, கலைஞரின் உருவமா என்பதைக் குறிக்க 0 முதல் 20 வரை எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 3 என்பது முன்னட்டை. 17 ஆம் எண் பளிச்சென்ற நிறமுடைய மீன் ஒன்றின் படத்திற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தரநிலையை எழுதியோரின் நகைச்சுவையாகவே இதனைக் கொள்ளவேண்டும். ஐடியூன்ஸ் பரவலாக்கிய ஏஏசி வகைக் கோப்புகளிலும், ஃபிளாக் வகைக் கோப்புகளிலும் இதற்கு இணையான ஏற்பாடுகள் உள்ளன.

2003 ஏப்ரலில் வந்த ஐடியூன்ஸ் நான்காம் பதிப்பு அட்டைப்படத்தைக் கணினித்திரையில் காட்டத் தொடங்கியது. கருவியில் அது தோன்ற மேலும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வண்ணத்திரை கொண்ட ஐப்பாட் ஃபோட்டோ 2004 அக்டோபரில் வெளிவந்தது. அதன் திரை 220க்கு 176 படப்புள்ளிகள் கொண்டது. அட்டைப்படத்திற்கு ஒதுக்கப்பட்ட பெரிய அளவு 140க்கு 140, சிறிய அளவு 56க்கு 56.

படத்தின் மாற்றம்

அட்டைப்படத்தின் பொருட்டு எழுந்த குழப்பங்களுக்கு விடை இங்கே உள்ளது. சுழற்சக்கரம் கொண்ட ஐப்பாட்கள் பாடல் கோப்பினுள் பொதிந்துள்ள படத்தைப் படிப்பதே இல்லை. ஒத்திசைவின்போது ஐடியூன்ஸ் அப்படத்தை எடுத்து, அந்தந்த ஐப்பாடின் திரைக்கேற்ற இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளில் சுருக்கி, சுருக்கமற்ற படப்புள்ளிகளாக மாற்றி, கருவியிலுள்ள ஆர்ட்வொர்க் என்ற கோப்புறையில் எழுதுகிறது. ஒரே அளவிலான படங்கள் யாவும் வரிசையாக ஒட்டப்பட்டு ஒரே பெருங்கோப்பாக அமைகின்றன. எந்தப் பாடலின் படம் அப்பெருங்கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதைச் சொல்ல ஆர்ட்வொர்க்டிபி என்ற இன்னொரு தரவுத்தளம் உள்ளது.

ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 16 பிட்டுகள் செலவாகின்றன: சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்திற்கு 5. மனிதக் கண் பச்சை நிறத்தின் வேறுபாட்டைக் கூடுதலாக உணர்வதால் அதற்கு ஒன்று மிகை. திரையை இயக்கும் மின்சுற்று எதிர்பார்க்கும் வடிவமே இது. ஆகவே கருவி எக்கணக்கும் போடாமல் படத்தை நேரே திரைக்கு அனுப்பிவிடலாம். ஜேபிஜி படத்தை விரித்துச் சுருக்கும் உழைப்பை ஐந்தாம் தலைமுறை ஐப்பாடின் சிறு செயலி ஒவ்வொரு பாடலுக்கும் செய்யவேண்டியதில்லை.

இதற்கு விலை இடமாகக் கொடுக்கப்பட்டது. 2005 இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐப்பாடில் படத்தின் இரு அளவுகள் 200க்கு 200, 100க்கு 100 ஆகும். முதலாவதற்கு 80,000 பைட்டு, இரண்டாவதற்கு 20,000 பைட்டு. ஆக ஒரு பாடலுக்கு ஓரிலட்சம் பைட்டு. பாடல்தோறும் படம் தனித்தனியே எழுதப்பட்டால், பத்தாயிரம் பாடல்களுக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட்டு படத்திற்கே போய்விடும். 30 கிகாபைட்டு கருவியில் இது புறக்கணிக்கத்தக்கது அன்று. 2007 முதலான கருவிகளில் ஒரே இசைத்தொகுப்பின் பாடல்கள் ஒரு படத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. நானோ வகையில் முதலில் வந்தவற்றில் படம் 100க்கு 100 அளவுக்கு மேல் போகவில்லை. 2007 இன் ஐப்பாட் கிளாசிக்கில் பெரிய அளவு 320க்கு 320 ஆக உயர்ந்தது.

கவர்ஃப்ளோவும் தானாகப் படம் தேடலும்

2006 செப்டம்பரில் வெளியான ஐடியூன்ஸ் ஏழாம் பதிப்பு அட்டைப்படத்தின் நிலையை மாற்றியது. உறைகளை அடுக்கிவைத்து விரலால் தள்ளிப் பார்ப்பது போன்ற கவர்ஃப்ளோ என்னும் காட்சிமுறை அதில் இடம்பெற்றது. ஓவியர் ஆண்ட்ரூ கோல்டர் என்ரைட் கருத்தளவில் வகுத்து, ஜோனதன் டெல் ஸ்ட்ரோதர் நிரலாக எழுதிய இதனை ஆப்பிள் விலைக்கு வாங்கியிருந்தது. 2007 இல் ஐபோனிலும் புதிய ஐப்பாட்களிலும் கவர்ஃப்ளோ சேர்க்கப்பட்டது. படமில்லாத இசைத்தொகுப்பு அவ்வரிசையில் சாம்பல்நிறச் சதுரமாக நின்றது. அதுவரை படத்தைப் பொருட்படுத்தாத பலர் தம் நூலகத்திற்குப் படம் தேடத் தொடங்கியதற்கு இச்சதுரங்களே காரணம்.

அதே பதிப்பு, ஐடியூன்ஸ் கடையில் கணக்கு வைத்திருப்போருக்கு அட்டைப்படங்களைக் கட்டணமின்றித் தானாகவே இறக்கித்தரும் வசதியையும் அளித்தது. எனினும் இவ்வாறு இறங்கிய படம் பாடல் கோப்பினுள் எழுதப்படவில்லை. ஐடியூன்சின் தனிக்கோப்புறை ஒன்றில், அம்மென்பொருளுக்கே உரிய வடிவில் அது சேமிக்கப்பட்டது. பயனர் தாமே தேடி ஒட்டிய படமோ கோப்பினுள்ளேயே பதிந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியமையால் வேறுபாட்டை அறிந்தோர் சிலரே. பாடல்களை வேறு கணினிக்கோ வேறு நிறுவனத்தின் கருவிக்கோ மாற்றிய அன்றுதான், பாதிப் படங்கள் கூடவே வரவும் மீதிப் படங்கள் காணாமற்போகவும் கண்டு திகைக்க நேர்ந்தது. படத்தை வெட்டியெடுத்து, அப்பாடல்களின் விவரப்பலகையில் மீண்டும் ஒட்டிவிட்டால் அது கோப்பினுள் நிலைபெறும் என்பது அக்காலப் பயனர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட எளிய தீர்வு.

ஐடியூன்ஸ் கடை 2012 ஜூனில்தான் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளிலும், அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவிலும் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இந்நாடுகளில் ஐப்பாட் வைத்திருந்தோர் படங்களைத் தாமே வருடியோ இணையத்தில் தேடியோ சேர்க்க வேண்டியிருந்தது.

படம் தோன்றாமைக்கான காரணங்கள்

தானாகப் படம் தேடும்போது, பாடியவர் பெயரும் இசைத்தொகுப்பின் பெயரும் கடையிலுள்ள பதிவோடு பொருந்த வேண்டும். திரைப்படப் பாடல்களுக்கு இது பெருந்தடையாக இருந்தது. மேலைநாட்டு இசைத்தொகுப்பு பெரும்பாலும் ஒரு பாடகருக்கோ ஒரு குழுவுக்கோ உரியது. தமிழ்த் திரைப்படத்தின் ஆறு பாடல்களை எட்டுப் பேர் பாடியிருக்கலாம். பாடியவர் என்ற இடத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் வெவ்வேறு பெயர்கள் இருந்தால், ஒரே படத்தின் பாடல்களை ஐடியூன்ஸ் ஆறு தனி இசைத்தொகுப்புகளாகப் பிரித்துக்காட்டியது. அவற்றுள் ஒன்றுக்குக் கிடைத்த அட்டைப்படம் மற்ற ஐந்துக்குக் கிடைக்கவில்லை. பாடல்களைப் பலர் பாடிய தொகுப்பு என்று குறிப்பதாலும், தொகுப்பின் கலைஞர் என்ற தனி இடத்தில் இசையமைப்பாளரின் பெயரை எல்லாப் பாடல்களுக்கும் ஒன்றுபோல இடுவதாலும் அவை மீண்டும் ஒன்றுசேரும். இசையமைப்பாளருக்கெனக் குறிச்சொல்லில் வேறிடம் இருந்தும் பட்டியலைத் தொகுக்க அது பயன்படாமையால், தமிழ்ப் பாடல்களைச் சேர்ப்போர் பலர் இவ்வழியையே மேற்கொண்டனர்.

எழுத்து மற்றொரு தடை. ஐடி3 முதற்பதிப்பு இலத்தீன் எழுத்துகளை எண்ணி அமைக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பு ஒருங்குறிக்கு இடமளித்தது. 2000 இல் வந்த அதன் 2.4 ஆம் வடிவம் யுடிஎஃப்-8 முறையையும் ஏற்றது. இளையராஜா என்ற பெயர் ஒருங்குறியில் எட்டுக் குறியீடுகள் கொண்டது. யுடிஎஃப்-8 இல் 24 பைட்டு, யுடிஎஃப்-16 இல் 16 பைட்டு. ஆயினும் 2000களில் கைமாறிய தமிழ்ப் பாடல் கோப்புகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளிலேயே பெயரிடப்பட்டன. ஓர் இசையமைப்பாளரின் பெயர் ஒரு கோப்பில் ஓரெழுத்துக் கூடியும் இன்னொன்றில் ஓரெழுத்துக் குறைந்தும் இருப்பது இயல்பு. மனிதருக்கு அது ஒரே பெயர், மென்பொருளுக்கு இருவர்.

இவை தவிர, தரவுத்தளத்தில் பாடல் புதுப்பிக்கப்பட்டும் படத் தரவுத்தளம் பழையதாகவே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது ஒரு பாடலுக்கு வேறொரு தொகுப்பின் படம் தோன்றும். அமைப்புப் பலகையில் அட்டைப்படம் காட்டுக என்பதை நீக்கி ஒருமுறை ஒத்திசைத்து, மீண்டும் தேர்ந்து ஒத்திசைத்தால் ஆர்ட்வொர்க் கோப்புறை முழுவதும் புதிதாக எழுதப்படும்.

ஒருவழிப் பாதையும் மீட்பும்

ஐப்பாட் ஒரு நேரத்தில் ஒரு நூலகத்தோடு மட்டுமே தானாக ஒத்திசையும். வேறொரு கணினியில் இணைத்தால், கருவியில் உள்ளவற்றை அழித்துவிட்டு இந்த நூலகத்தை நிரப்பலாமா என்று ஐடியூன்ஸ் கேட்கும். கேள்வியின் பொருளை உணராது ஆம் என்று அழுத்துவோர் உண்டு. கணினியின் வன்தட்டு பழுதாகி, புதிய கணினியில் வெறுமையான நூலகத்தோடு இருப்பவருக்கு இது பேரிடர். பல ஆண்டுகளாகச் சேர்த்த இசையின் எஞ்சிய ஒரே படி அக்கருவியிலேயே இருக்க, வெறுமையோடு ஒத்திசைந்து அதுவும் வெறுமையாகிவிடும்.

இந்த ஒருவழிப் பாதை தொழில்நுட்பத் தடையால் அமைந்ததன்று. இசை நிறுவனங்களின் அச்சத்தைத் தணிக்க வகுக்கப்பட்டது. முதல் ஐப்பாடின் உறையிலேயே இசையைத் திருடாதீர் என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. தம்மிடம் வாங்கிய பாடல்களை மட்டும் கருவியிலிருந்து கணினிக்குத் திருப்ப ஐடியூன்ஸ் ஏழாம் பதிப்பு வழிசெய்தது; குறுந்தகட்டிலிருந்து பயனரே மாற்றிக்கொண்டவற்றுக்கு அவ்வழி இல்லை.

ஆயினும் பூட்டு எதுவும் போடப்படவில்லை, மறைக்கப்பட்டது மட்டுமே. தானாக ஒத்திசைவதைத் தடுத்துவிட்டு, மறைகோப்புகளைக் காட்டுமாறு கணினியை அமைத்தால், எஃப்00 முதலான கோப்புறைகளை அப்படியே நகலெடுக்கலாம். கோப்பின் பெயர் நான்கெழுத்தாக இருந்தாலும் அதனுள் ஐடி3 குறிச்சொல் இருப்பதால், ஐடியூன்சில் சேர்த்தவுடன் பாடற்பெயரும் கலைஞர் பெயரும் மீண்டும் தோன்றும். கோப்பினுள் பொதிந்த அட்டைப்படமும் முழு அளவில் திரும்ப வரும். குறிச்சொல் இல்லாத கோப்புகள், குறிப்பாக வேவ் வகைக் கோப்புகள், பெயரற்றவையாகவே மீளும். அவற்றின் பெயர் தரவுத்தளத்தில் மட்டுமே இருந்தது. பாடற்பட்டியல்களும் நட்சத்திரங்களும் அவ்வாறே. ஐடியூன்ஸ் தானாக இறக்கிய அட்டைப்படங்களில் எஞ்சுவது ஆர்ட்வொர்க் கோப்புறையிலுள்ள விரலகலச் சிறுபடமே.

பிற மென்பொருட்களும் சரிபார்ப்பு எண்ணும்

ஐடியூன்ஸ் லினக்சுக்கு வெளியிடப்படவில்லை. எனவே தன்னார்வ நிரலாளர்கள் ஐடியூன்ஸ்டிபி, ஆர்ட்வொர்க்டிபி ஆகியவற்றின் அமைப்பைப் பைட்டு பைட்டாக ஆராய்ந்து லிப்ஜிபாட் என்ற நிரல்தொகுதியை எழுதினர். ஜிடிகேபாட், ரித்தம்பாக்ஸ், அமரோக் முதலிய கட்டற்ற மென்பொருட்கள் அதன் துணையால் ஐப்பாடோடு ஒத்திசைந்தன.

2007 செப்டம்பரில் வந்த ஐப்பாட் கிளாசிக், மூன்றாம் தலைமுறை நானோ ஆகியவற்றில் தரவுத்தளத்தோடு ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கவேண்டும் என ஆப்பிள் விதித்தது. எண் பொருந்தாவிடில் கருவி தன்னிடம் பாடல் இல்லை என்று காட்டும். சில நாட்களிலேயே நிரலாளர்கள் அவ்வெண்ணைக் கணிக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதையடுத்து வந்த புதிய முறையைப் பற்றி புளூவிக்கி என்னும் தளத்தில் நடந்த ஆய்வுரையாடலை நீக்குமாறு 2008 நவம்பரில் ஆப்பிள் அறிவிக்கை அனுப்பியது. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் துணையோடு தளத்தை நடத்தியோர் 2009 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தனர். ஜூலையில் ஆப்பிள் தன் கோரிக்கையைத் திரும்பப்பெற்றது. பயனர் தாம் வாங்கிய கருவியில் தம் பாடலை எம்மென்பொருளால் நிரப்பலாம் என்ற கேள்வியே இங்கு வழக்கின் கருப்பொருளாக இருந்தது.

இதே கேள்வி வேறொரு வடிவில் 2014 டிசம்பரில் கலிபோர்னிய நீதிமன்றத்தில் எழுந்தது. போட்டிக் கடைகளில் வாங்கிய பாடல்களை ஐப்பாடிலிருந்து விலக்கும் வகையில் ஐடியூன்ஸ் மாற்றப்பட்டது என்று வாதிகள் கூறினர். அவை பாதுகாப்பு ஏற்பாடுகள் என்று ஆப்பிள் மறுத்தது. ஐடியூன்ஸ் ஏழாம் பதிப்பு உண்மையான மேம்பாடே எனக் கண்டு நடுவர்குழு ஆப்பிளுக்குச் சார்பாக முடிவளித்தது.

பிற கருவிகள்

ஏனைய நிறுவனங்களின் கருவிகள் இருவேறு வழிகளைப் பின்பற்றின. சில, கணினிக்கு வெறும் நினைவகக் குச்சியாகத் தோன்றின. பாடலைக் கோப்புறையோடு இழுத்துப்போட்டால் போதும். அவற்றில் அட்டைப்படம் கோப்பினுள்ளிருந்தோ, அதே கோப்புறையில் வைக்கப்பட்ட ஃபோல்டர்.ஜேபிஜி, கவர்.ஜேபிஜி போன்ற பெயருடைய கோப்பிலிருந்தோ படிக்கப்பட்டது. இவ்வகையில் படிப்படியாகத் தெளியும் வகை ஜேபிஜி படங்களைப் பல கருவிகளால் விரிக்க இயலாது. கணினியில் நன்றாகத் தெரியும் படம் கருவியில் தோன்றாமைக்கு இது அடிக்கடி காரணமாகும். பல கருவிகளில் நிறுவத்தக்க கட்டற்ற இயக்குநிரலான ராக்பாக்ஸ் தொடக்கத்தில் பிஎம்பி படங்களை மட்டுமே ஏற்றது. பின்னரே ஜேபிஜிக்கு வந்தது.

மைக்ரோசாப்ட் வகுத்த எம்டிபி என்னும் ஊடகமாற்று நெறிமுறை மற்றொரு வழி. 2004 இல் விண்டோஸ் மீடியா பிளேயரின் பத்தாம் பதிப்போடு பரவிய இது, 2008 இல் யுஎஸ்பி அமைப்பின் தரநிலையாயிற்று. இதில் தரவுத்தளத்தைக் கருவியே கட்டிக்கொள்கிறது. எனவே இணைப்பைத் துண்டித்தபின் நூலகம் புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். ஐப்பாடில் கணினி செய்த வேலையை இங்குக் கருவி செய்வதால் வந்த காத்திருப்பு அது.

பிற்கால நிலை

2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 உடன் கம்பியில்லா ஒத்திசைவு வந்தது. 2012 இல் வெளியான ஐடியூன்ஸ் 11 ஆம் பதிப்பில் கவர்ஃப்ளோ நீக்கப்பட்டது. 2014 செப்டம்பரில் ஐப்பாட் கிளாசிக்கும், 2022 மே மாதத்தில் கடைசியாக எஞ்சிய ஐப்பாட் டச்சும் நிறுத்தப்பட்டன. 2019 அக்டோபரில் மாக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு ஐடியூன்சைப் பல செயலிகளாகப் பிரித்தபோது, ஒத்திசைவு ஃபைண்டர் என்னும் கோப்பு மேலாளரிடம் சென்றது. விண்டோசில் இதற்கென ஆப்பிள் டிவைசஸ் என்ற தனிச்செயலி 2024 இல் வந்தது.

பழைய ஐப்பாட்களை வாங்கி, தேய்ந்த வன்தட்டுக்கு மாற்றாக நினைவக அட்டை பொருத்திப் பயன்படுத்துவோர் உள்ளனர். தட்டு மாறினாலும் கருவியின் இயக்குநிரல் மாறுவதில்லை. நூற்றுக்கணக்கான கிகாபைட்டு அட்டை பொருத்திய ஐந்தாம் தலைமுறைக் கருவியும், அட்டைப்படத்தை அதே 200க்கு 200 படப்புள்ளிகளாகவே ஆர்ட்வொர்க் கோப்புறையில் எதிர்பார்க்கிறது.